ஒயிட் டீயா, பிளாக் டீயா? நம்ம கடலூர்த் தண்ணிக்கு எது சரிவரும்?

மஞ்சை வீட்டுக்காரி (மஞ்சக்குப்பம், கடலூர்)

வணக்கம். வீட்ல ஒரு பஞ்சாயத்து ஓடிக்கிட்டிருக்கு, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாண்டிக்குப் போனப்ப நேரு வீதிக் கடை ஒண்ணுல ஒயிட் டீ டப்பா பாத்தேன். நீலகிரிச் சரக்கு, 50 கிராம் 600 ரூபாய். விலையைப் பாத்துட்டு இருந்த இடத்துலயே வச்சுட்டேன். என் நாத்தனார் அதைத்தான் குடிக்கிறா. "அண்ணி, டீத்தூளை நிறுத்துங்க. இதுல கஃபீனே கிடையாது, உடம்பு இளைக்கும், எல்லாருக்கும் நல்லது"ன்னு ஒரே பிடிவாதம்.

எங்க வீட்டு நிலவரம் இது. மாமியாருக்கு ரத்தசோகை, இரும்புச்சத்து மாத்திரை போய்க்கிட்டிருக்கு. ஆனா பால் டீ இல்லாம அவங்களுக்குப் பொழுது விடியாது, டிபனோடயும் ஒண்ணு வேணும். வீட்டுக்காரருக்கு சிப்காட்ல ஷிப்ட் வேலை, நைட்டுன்னா பிளாஸ்க் நிறைய டீ. எனக்கு சாயங்காலம் பால் இல்லாம ஒரு பிளாக் டீ, எலுமிச்சை பிழிஞ்சா போதும்.

மூணு பேருக்கும் ஒயிட் டீக்கு மாறலாமா? அதுல பால் ஊத்தலாமா? 600 ரூபாய்க்கு அதுல அப்படி என்ன இருக்கு? இன்னொரு சந்தேகம் தண்ணி. எங்க போர் தண்ணியில பிளாக் டீ போட்டா, பாலே ஊத்தாம, மேல ஒரு ஆடை படியுது. டம்ளர் ஓரமெல்லாம் பழுப்பா ஒட்டிக்குது. இந்தத் தண்ணியில அவ்வளவு விலை கொடுத்த சரக்கைப் போட்டா ருசி நிக்குமா?

பிஞ்சு மொட்டு (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

அக்கா, தாராளமா வாங்குங்க. எனக்கு காலையில ஒயிட் டீ இல்லாம முடியாது.

கண்ணாடி டம்ளர்ல போட்டுப் பாருங்க. வெள்ளி முடி போர்த்தின மொட்டெல்லாம் முதல்ல மேல மிதக்கும். தண்ணி ஊற ஊற ஒவ்வொண்ணா நட்டுக்குத்தலா நிக்கும், அப்புறம் மெதுவா அடியில இறங்கும். நிறம் வெளிறின வைக்கோல் நிறம்தான், அதைப் பாத்து "சாயமே இறங்கலையே"ன்னு நினைச்சுடக் கூடாது. வாசனையில காய்ஞ்ச புல்லு, கொஞ்சம் வெள்ளரிப் பிஞ்சு, முழுங்கின பிறகு தொண்டையில தேன் மாதிரி ஒரு இனிப்பு. துவர்ப்பு நாக்குல ஒட்டாது, சர்க்கரையும் கேக்காது.

பால் வேண்டவே வேண்டாம். ஊத்தினா பால் மட்டும்தான் தெரியும்.

கஃபீன் கம்மின்னுதான் நானும் கேள்விப்பட்டிருக்கேன். பதப்படுத்துறது கம்மிங்கறதால சத்தும் அப்படியே நிக்கும். வீட்ல எல்லாருமே மாறிக்கலாம்னுதான் சொல்வேன்.

மலைச்சரக்கு (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

குன்னூர்ப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். தம்பி பிஞ்சு மொட்டு சொன்ன ருசி வர்ணனை முழுக்க சரி. கஃபீன் விஷயமும், எல்லாரும் மாறலாம் என்பதும் சரியில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளை, பச்சை, கறுப்பு எல்லாமே கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலை. காலையில் கிள்ளி வந்த ஒரே கொழுந்தைக் கறுப்பாகவும் ஆக்கலாம், வெள்ளையாகவும் நிறுத்தலாம். வித்தியாசம் எல்லாம் கிள்ளுவதிலும் கிள்ளிய பிறகு செய்வதிலும்தான்.

கறுப்பு டீக்கு வருவது இரண்டு இலை ஒரு மொட்டு. இலை வந்து இறங்கியதும் நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு ராத்திரி முழுக்க வாட விடுவோம். காம்பை மடித்தால் ஒடியாமல் வளையவேண்டும், அதுதான் பதம். பிறகு சி.டி.சி. மெஷின். 1930-களில் அசாமில் வந்த மெஷின் அது. பல் வெட்டிய இரண்டு உருளைகள் வேறுவேறு வேகத்தில் சுழலும். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தள்ளும். அதுவரை இலைக்குள் தனித்தனி அறையில் இருந்த கேட்டெக்கினும் (துவர்ப்புப் பொருள்) அதை மாற்றுகிற என்சைமும் அப்போதுதான் ஒன்றோடொன்று கலந்து காற்றுப் படுகின்றன. பச்சை மெல்ல மெல்லப் போய் செம்பு நிறம் ஏறும். பழுத்த ஆப்பிள் வாசனை ஒன்று ஃபேக்டரி முழுக்கப் பரவும். அந்த வாசனை உச்சத்துக்கு வரும்போது டிரையருக்குள் அனுப்பவேண்டும். தாமதித்தால் ருசி மழுங்கிவிடும், அதற்கு முன்பே அனுப்பினால் பச்சை நெடி போகாது. என் காலத்தில் இதை மூக்கை வைத்தே முடிவு பண்ணுகிற மேஸ்திரிகள் இருந்தார்கள்.

இந்த மாற்றத்தில் பிறப்பதுதான் தியாஃபிளேவினும் தியாரூபிஜினும். முதலாவது டீக்கு விறுவிறுப்பையும் பளிச்சென்ற நிறத்தையும் தரும். இரண்டாவது செம்பழுப்பையும் கெட்டியையும் தரும். பால் வந்து மோதினாலும் டீ நிற்கிறது என்றால் இவற்றால்தான்.

வெள்ளை டீயில் இந்த வேலை எதுவும் இல்லை. மொட்டு மட்டும், அல்லது மொட்டோடு ஒன்றிரண்டு பிஞ்சு இலை. நசுக்குவதில்லை, சுருட்டுவதில்லை. மெல்லிசாகப் பரப்பி, ஒன்றிரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்வரை தானாக வாடவிட்டு, மிதமான சூட்டில் காயவைப்பது. வாடும்போது கொஞ்சம் மாற்றம் நடக்கத்தான் செய்யும், தேன் வாசனை அதில் வருவதுதான். சீனாவில் ஃபூஜியன் மாகாணத்து ஃபூடிங்கும் ஜெங்கேயும் இதற்குப் பேர்போன இடங்கள். நம் நீலகிரியிலும் சில எஸ்டேட்களில் சில்வர் டிப்ஸ் என்று செய்கிறார்கள், நல்ல சரக்கு.

விலைக்குக் காரணம் கேட்டீர்கள். பச்சை இலை நாலரை கிலோவுக்கு ஒரு கிலோ டீத்தூள் என்பது ஃபேக்டரிக் கணக்கு. அந்த நாலரை கிலோவையும் மொட்டாகவே கிள்ளவேண்டும் என்றால் பல்லாயிரம் மொட்டுகள், அத்தனையும் ஒவ்வொன்றாகக் கையால். நகம் அழுந்தினால் அந்த இடம் கறுத்துவிடும். மழையில் கிள்ளவும் முடியாது. இரண்டு இலை ஒரு மொட்டு கிள்ளுகிற பெண் கூடை நிறைப்பதற்குள் மொட்டு கிள்ளுகிறவருக்குக் கூடையின் அடிகூட மறைந்திருக்காது. நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து கிள்ளுகிறவர்களில் நிறையப் பேர் இலங்கையோடு போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த நம் மக்களின் குடும்பங்கள். 600 ரூபாய் கொடுக்கும்போது அந்தக் கைகளை நினைத்துப் பார்க்கலாம்.

இப்போது கஃபீன். செடி தன் பிஞ்சைப் பூச்சியிடமிருந்து காக்கத்தான் கஃபீனைச் சேர்க்கிறது. அதனால் முற்றிய இலையைவிட மொட்டில்தான் அது அதிகம். ஒயிட் டீயில் கஃபீனே கிடையாது என்பது சுத்தப் பொய். கோப்பையில் கொஞ்சம் குறைவாக இறங்குவது எதனால் என்றால், மொட்டு முழுசாக இருக்கிறது, நாம் ஊற்றும் தண்ணீரின் சூடும் குறைவு. சி.டி.சி. டஸ்ட்டோ, அதாவது பொடித்தூளோ, கொதிநீர் பட்டதும் கக்கிவிடும். அதே வெள்ளை மொட்டைக் கொதிக்கவிட்டால் அதுவும் கக்கத்தான் செய்யும்.

துறைமுகம் டீக்கடை (கடலூர் முதுநகர்)

ஐயா சொன்னது எல்லாம் புதுசா இருந்துச்சு, நன்றிங்க. நான் டீக்கடைக்காரன் பக்கத்துல இருந்து பேசறேன்.

படகு கரை சேர்ற நேரத்துக்கு நாங்க பாய்லர் பத்த வச்சிருப்போம். ராத்திரியெல்லாம் கடல்ல நனைஞ்சு வந்து நிக்கிற மனுஷனுக்கு கையில சூடு, நாக்குல இனிப்பு, தொண்டையில கெட்டி மூணும் ஒண்ணா வேணும். அதுக்கு நல்ல டஸ்ட்டும் நல்ல பாலும்தான். ஒயிட் டீ எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் அந்த நேரத்துக்கு அது ஆவாது.

அக்கா, உங்க மாமியாருக்கு பால் டீதான்னா, காசை ஒயிட் டீயில போடாம நல்ல தூள்ல போடுங்க. இப்ப சாயம் ஏத்தின தூள் நிறைய சுத்துது. வெள்ளை டிஷ்யூ பேப்பர்ல கொஞ்சம் தூளைப் பரப்பி தண்ணி தெளிங்க. நல்ல தூள் உடனே கறை விடாது, மெதுவாத்தான் விடும். சாயத்தூள்னா தண்ணி பட்டதுமே செம்மஞ்சளா ஓடும். தூள் மேல ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்க, இரும்புத்தூள் கலப்பு இருந்தா ஒட்டிக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வீட்டுச் சோதனைன்னு சொல்லிக் கொடுக்கறதும் இதான்.

தூளைப் பால்ல போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடறாங்க பாருங்க, அது கூடவே கூடாது. டிகாஷனைத் தனியா எறக்குங்க, பாலைத் தனியா காய்ச்சுங்க, டம்ளர்ல சேத்து நல்லா ரெண்டு ஆத்து ஆத்திக் கொடுங்க. தூளும் கம்மியா புடிக்கும், கசக்கவும் செய்யாது.

பத்தியம் (புதுச்சேரி)

உணவியல் படித்து, அந்தத் துறையிலேயே வேலை செய்கிறேன். மாமியாருக்கு ரத்தசோகை என்று எழுதியிருந்ததை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். இந்த வீட்டில் முதலில் பார்க்கவேண்டியதே அதுதான் என்பது என் கருத்து.

தேநீரில் உள்ள பாலிஃபீனால்கள் (கேட்டெக்கின் போன்ற துவர்ப்புப் பொருள்கள்) சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். கீரை, பருப்பு, தானியம் இவற்றிலிருந்து வரும் இரும்புக்குத்தான் இந்தப் பாதிப்பு அதிகம். மீனிலும் ஈரலிலும் இருக்கும் ஹீம் இரும்புக்கு அவ்வளவு இல்லை. 1999-இல் வந்த ஓர் ஆய்வில், பிரெட்டோடு பிளாக் டீ கொடுத்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 79 முதல் 94 சதவீதம் வரை குறைந்திருந்தது. இது அந்த ஒரு வேளைச் சாப்பாட்டின் கணக்குதான், ஆனால் தினமும் டிபனோடு டீ என்றால் ஒவ்வொரு வேளையும் இதுவே நடக்கும்.

ஒயிட் டீக்கு மாறினால் இது சரியாகிவிடாது. அதிலும் பாலிஃபீனால் உண்டு, அதிலும் கேட்டெக்கின் உண்டு. பால் ஊற்றினால் போதும் என்பதும் நம்பத்தக்கதல்ல, பாலின் கால்சியமே இரும்பு சேர்வதைக் குறைக்கக்கூடியது. மாற்றவேண்டியது நேரத்தைத்தான். ஐ.சி.எம்.ஆர். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்று இருக்கிறது. உங்கள் மாமியார் விடியற்காலை டீயைக் குடிக்கட்டும். டிபன் அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. டிபனோடு வேண்டும் என்கிற டீயைப் பதினோரு மணிக்குத் தள்ளுங்கள். மாத்திரையை டீயோடு ஒருபோதும் கொடுக்காதீர்கள். டிபன் தட்டில் ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ இருந்தால் இரும்பு சேர உதவும். மாத்திரையின் நேரத்தை மட்டும் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எந்த டீ நல்லது என்று வருகிறவர்களிடம் நான் எந்த நேரத்தில் குடிக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

நாத்தனாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். உடம்பு இளைப்பதற்காக எந்த டீயையும் வாங்கவேண்டாம். சர்க்கரை போடாத டீ எதுவானாலும் சர்க்கரை போட்ட டீயைவிட எடைக்கு நல்லது, அவ்வளவே.

ரெண்டாம் நிலக்கரி (நெய்வேலி)

ஷிப்ட்காரன்ங்கற முறையில அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. 150 மில்லி டீயில 30ல இருந்து 65 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும்னு பத்தியம் சொன்ன அதே வழிகாட்டியில இருக்கு, ஒரு நாளைக்கு மொத்தம் 300க்குள்ள நிறுத்தணும். பிளாஸ்க் நிறையன்னா கணக்கு சீக்கிரம் எகிறிடும்.

கஃபீன் உடம்புல பாதியா குறையவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும். காலையில ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து தூங்கணும்னா, ராத்திரி ஒன்றரை ரெண்டோட டீயை நிறுத்தணும். ஷிப்ட் ஆரம்பத்துல நல்ல ஸ்ட்ராங்கா பிளாக் டீ, அதுக்கப்புறம் வெந்நியோ சுக்குத் தண்ணியோ. நான் அப்படித்தான் பழகியிருக்கேன், பகல் தூக்கம் ஒழுங்கா வருது. பிளாஸ்க்ல ஒயிட் டீ மட்டும் ஊத்தி வைக்காதீங்க. அந்த வாசனை பிளாஸ்க்குள்ள செத்துப் போயிடும்.

வில்லியனூர் வாசகன்

டீக்கடை அண்ணனுக்கு ஒரு எதிர்வாதம். 2007ல பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில 16 பெண்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. வெறும் பிளாக் டீ குடிச்சப்ப ரத்தக்குழாய் நல்லா விரிஞ்சு கொடுத்துச்சு, பால் சேத்துக் குடிச்சப்ப அந்தப் பலன் காணோம். பால்ல இருக்கற கேசீன் புரதம் கேட்டெக்கினைப் பிடிச்சுக்குதுன்னு சொன்னாங்க. அப்படிப் பாத்தா பால் இல்லாமக் குடிக்கற ஒயிட் டீதானே மேல்? பால் டீயைத் தூக்கி வச்சுப் பேசறது சரியா?

துறைமுகம் டீக்கடை

தம்பி, பால் ஊத்தாம பிளாக் டீயும் குடிக்கலாமே. அதை நான் வேணாம்னு சொல்லலையே. இஞ்சி தட்டிப் போட்டு, வெல்லம் சேத்து, எலுமிச்சை புழிஞ்சு எங்க கடையிலயே தினம் போவுது. அக்காவும் அதான் குடிக்கறாங்க. மருந்துன்னு நினைச்சு டீ குடிக்கறவங்க எங்க கடைக்கு வர்றதில்ல தம்பி. ஒரு டம்ளர் டீயில அரை மணி நேரம் உக்காந்து பேசிட்டுப் போறாங்க, மனசு லேசாவுது. அதுவும் உடம்புக்கு நல்லதுதான்.

பத்தியம்

வாசகன் சொன்ன ஆய்வு உண்மைதான். ஆனால் 16 பேர், சில மணி நேரம். அதை வைத்து ஊரிலுள்ள பால் டீயை எல்லாம் பயனற்றது என்று தள்ள முடியாது. பாலுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. பிளாக் டீயில் சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகக்கூடிய ஆக்சலேட் ஓரளவு இருக்கிறது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் நாள் முழுக்கக் கடுமையான பிளாக் டீயாகக் குடிப்பது நல்லதல்ல. பாலின் கால்சியம் அந்த ஆக்சலேட்டைக் குடலிலேயே கட்டிவிடும். வெயிலில் வேலை செய்து தண்ணீர் குறைவாகக் குடிக்கிறவர்கள் நம் கடற்கரையோரம் நிறைய. அவர்களுக்கு நான் சொல்வது, டீயைத் தண்ணீர்க் கணக்கில் எழுதாதீர்கள் என்பதுதான்.

ஒயிட் டீ பக்கமும் ஒன்றைச் சொல்லவேண்டும். தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்க்கும். முற்றிய இலையில் அது அதிகம், மொட்டில் குறைவு. மட்டமான தூளை நாள் முழுக்கக் குடிக்கிறவர்களுக்கு இது கவனிக்கவேண்டிய விஷயம்.

மஞ்சை வீட்டுக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாமியார் கிட்ட பத்தியம் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். "பதினோரு மணிக்குக் கொடுத்துடுவேல்ல?"ன்னு ஒரு தரம் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டு ஒத்துக்கிட்டாங்க.

தண்ணி விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலையே. பியூரிஃபையர் சர்வீஸ் பண்ண வந்த பையன் கிட்ட, தண்ணியில கரைஞ்ச உப்பையெல்லாம் அளக்கற டி.டி.எஸ். மீட்டர் இருந்துச்சு, அளந்து பாக்கச் சொன்னேன். போர் தண்ணி 940, மாநகராட்சிக் குழாய்த் தண்ணி 420, கேன் தண்ணி 40. மூணுலயும் பிளாக் டீ போட்டுப் பக்கத்துல பக்கத்துல வச்சேன். போர் தண்ணி டீ கலங்கி, கருத்து, மேல அந்த ஆடை. ஸ்பூனால தொட்டா கண்ணாடிச் சில்லு மாதிரி உடைஞ்சு விலகுது. குழாய்த் தண்ணியில லேசாத்தான் இருந்துச்சு. கேன் தண்ணியில சுத்தமா இல்ல, பளபளன்னு சிவப்பு, ஆனா குடிச்சா சப்புன்னு இருக்கு. போர் தண்ணி டீயில ரெண்டு சொட்டு எலுமிச்சை விட்டேன், ஆடை கரைஞ்சு போச்சு, நிறமும் சட்டுன்னு வெளுத்துச்சு. இது எதனால?

மலைச்சரக்கு

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள் அம்மா. இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் நம் ஊரில் ஒயிட் டீயா பிளாக் டீயா என்பதைப் பாதி முடிவு செய்வது தண்ணீர்தான்.

கடலூரிலிருந்து பாண்டி வரை கடலோரம் நிலத்தடி நீரில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. நாம் உறிஞ்ச உறிஞ்சக் கடல் உள்ளே வருகிறது. தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் கூடுதலாக இருந்தால், அது டீயின் பாலிஃபீனால்களோடு சேர்ந்து மேலே படலமாக நிற்கும். நீங்கள் பார்த்த ஆடை அதுதான். எலுமிச்சையின் புளிப்பு அந்தப் படலம் சேரவிடாமல் கலைத்துவிடும். நிறம் வெளுத்ததற்குக் காரணம் தியாரூபிஜின், புளிப்புப் பட்டால் அதன் நிறம் இளகும்.

பிளாக் டீ முரட்டுச் சரக்கு, இந்தத் தண்ணீரையும் ஓரளவு தாங்கிவிடும். பால் ஊற்றினால் மீதியும் மறைந்துவிடும். ஒயிட் டீயால் முடியாது. போர் தண்ணீரில் போட்டால் பழுப்பாகி, தேன் வாசனை முழுக்கப் போய், வேகவைத்த இலைத் தண்ணீர்தான் மிஞ்சும். நாத்தனார் கொடுத்ததைக் குடித்து "இதுக்கா இவ்வளவு விலை?" என்று யாராவது சொன்னால், அவர்கள் எந்தத் தண்ணீரில் போட்டார்கள் என்று கேட்கவேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் குடிநீர்த் தரத்தில் டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை. ஆனால் டீக்கு 100-இலிருந்து 200-க்குள் இருந்தால்தான் ருசி எழும்பும். 40 ரொம்பக் கீழே, அதனால்தான் சப்பென்று இருந்தது. இரண்டு பங்கு கேன் தண்ணீர், ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் 170-ஐ ஒட்டி வரும். டீக்கு அதை எடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம்.

அடுத்தது சூடு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடலூரில் 100. மலையில் ருசியாக இருந்த டீ இங்கே வந்ததும் ஏன் கசக்கிறது என்று சுற்றுலா போய்வந்தவர்கள் கேட்பார்கள், ஒரு காரணம் இது. பிளாக் டீக்கு அந்த 100 நல்லதுதான், தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றுங்கள், மூன்று நான்கு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். ஒயிட் டீக்கு 80 டிகிரிப் பக்கம் போதும். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்காது. மூன்று டம்ளர் கொதிநீரில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் சேருங்கள். நம் ஊர்ப் பச்சைத் தண்ணீர் 30 டிகிரி இருக்கும், கலந்தால் 82 வரும். சேர்க்கிற தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்கட்டும்.

ஒரு டம்ளருக்கு இரண்டரை கிராம். மொட்டு உப்பலாக இருப்பதால் ஸ்பூன் கணக்கு ஏமாற்றும், இரண்டு டீஸ்பூன் குவித்துப் போட்டால் ஏறக்குறைய வரும். நான்கைந்து நிமிடம் ஊறட்டும். அதே மொட்டில் இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் ஊற்றலாம், கொஞ்சம் கூடுதல் நேரம் விடவேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

கணக்குப் போட்டால் 50 கிராமில் இருபது தடவை, தடவைக்கு 30 ரூபாய், மூன்று தண்ணீர் எடுத்தால் கோப்பை பத்து ரூபாய். கடை டீ விலைதான். மாமியாரின் பால் டீக்கும் பிளாஸ்க்குக்கும் இதை இழுத்தால்தான் கட்டுப்படியாகாது.

பிஞ்சு மொட்டு

ஐயா, மொட்டுல கஃபீன் அதிகம்ங்கறது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கப் குடிக்கற பழக்கம் இருக்கு, அதை சாயங்காலத்துக்கு மாத்திக்கறேன்.

ஒரு கேள்வி. சீனாவுல ஒயிட் டீயை வருஷக்கணக்குல வச்சுப் பழசாக்கிக் குடிக்கறாங்களே, நம்ம ஊர்லயும் வைக்கலாமா?

மலைச்சரக்கு

ஃபூஜியனில் வைக்கிறார்கள், பழகப் பழக நிறம் ஏறி, உலர்ந்த பழ வாசனை வரும், விலையும் கூடும். ஆனால் அவர்கள் ஈரத்தையும் வாசனையையும் அண்டவிடாமல் அதற்கென்றே இடம் ஒதுக்கி வைக்கிறார்கள். நம் கடல் காற்றில் உப்பு டப்பாவே கசிகிறது, அப்பளம் நமத்துப்போகிறது. காய்ந்த தேயிலையின் ஈரம் சில சதவீதம்தான், அது ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும். அதோடு தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசனையை இழுக்கும். கருவாடும் மிளகாய்த்தூளும் இருக்கிற அலமாரியில் வைத்த ஒயிட் டீயை என்னிடம் ஒருவர் கொண்டுவந்து காட்டினார், மூடியைத் திறந்ததுமே கருவாடு. ஒன்றும் செய்ய முடியவில்லை.

எவர்சில்வர் டப்பா, இறுகின மூடி, அடுப்பைவிட்டுத் தள்ளி. ஃபிரிட்ஜ் வேண்டாம், எடுத்துத் திறக்கும்போது வியர்த்து ஈரம் இறங்கும். ஆறு மாதத்துக்குள் குடித்து முடிக்கிற அளவே வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புது டப்பாவைப் பிரிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

மஞ்சை வீட்டுக்காரி

அப்ப எங்க வீட்டு ஏற்பாடு இப்படி. மாமியாருக்கு நல்ல சி.டி.சி. தூள்ல பால் டீ, நேரம் மட்டும் பத்தியம் சொன்ன மாதிரி. வீட்டுக்காரருக்கு சின்ன பிளாஸ்க், ரெண்டு மணிக்கு மேல சுக்குத் தண்ணி. முகம் கொஞ்சம் சுருங்குச்சு, பழகிக்குவார். எனக்கு மட்டும் சாயங்காலத்துக்கு ஒரு டப்பா ஒயிட் டீ வாங்கப்போறேன், பிளாக் டீயையும் விடல. நாத்தனார் கிட்ட கஃபீன் சேதியைச் சொன்னேன், இன்னும் நம்பல. அவளும் இதைப் படிக்கட்டும்னு அனுப்பியிருக்கேன்.

கடையில நிஜமான ஒயிட் டீதானான்னு எப்படிப் பாக்கறது?

பிஞ்சு மொட்டு

அக்கா, திறந்து காட்டற கடையில வாங்குங்க. மொட்டு முழுசா, ஒரே அளவா, விரலால தடவினா மெல்லிசான வெள்ளை முடி தெரியணும். விரல்ல கொஞ்சம் ஒட்டினாலும் நல்லதுதான். பொடிப்பொடியா, பழுப்புக் காம்பு கலந்து இருந்தா வேண்டாம். மல்லி வாசம், ரோஜா வாசம் ஏத்தினது முதல் டப்பாவா வேண்டாம், அடியில இருக்கற சரக்கு எப்படின்னே தெரியாது. எஸ்டேட் பேரும் பேக் பண்ண மாசமும் போட்டிருக்கான்னு பாருங்க. மலையில டிசம்பர்ல இருந்து பனிக்காலத்துல கிள்ளினது கிடைச்சா எடுத்துக்கோங்க, அதுல வாசனை தூக்கலா இருக்கும்.

துறைமுகம் டீக்கடை

அக்கா, தூளுக்கு ஒரு வார்த்தை. பாக்கெட்ல ரொம்ப நைஸா மாவா இருக்கறதை எடுக்காதீங்க, சாயம் சீக்கிரம் வரும், கசப்பும் கூடவே வரும். கைக்கு உருண்டையா தட்டுப்படற தூள் வாங்கி, அதுல கொஞ்சம் டஸ்ட் கலந்து வச்சுக்கோங்க. மூணு பங்குக்கு ஒரு பங்கு. நாங்க கடைக்குக் கலக்கறதும் அப்படித்தான். உங்க மாமியாருக்கு புடிக்கும்.

மஞ்சை வீட்டுக்காரி

சரிங்கண்ணே, மூணுக்கு ஒண்ணு. எழுதி வச்சுக்கிட்டேன்.